குழிக்கு மேல் ஒரு மேஜை

பிள்ளையார்பாளையம்
8-3-1970

அன்புள்ள அண்ணா,

இங்கே அம்மா நலம், நான் ரொம்ப நலம். அப்பா நலமா என்று அவரிடமே கேட்கிற தைரியம் இன்னும் வரவில்லை. அங்கே உன் பத்து விரலும் நலமா? ரம்பம் பிடிக்கிறவனிடம் முதலில் அதைத்தானே விசாரிக்க வேண்டும்.

நான் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. பதிலைக் கமலாட்சி வீட்டு விலாசத்துக்குப் போடு. நம் வீட்டுக்குப் போட்டால் தபால்காரர் சின்னப்பையன் தெருமுனையிலேயே கூவிவிடுவார். தலை முழுக்க நரைத்து ரிடையராகப் போகிறார், இன்னும் சின்னப்பையன்!

செய்திக்கு வருகிறேன். நீ பட்டணம் போன மறு வாரமே அப்பா உன் தறியைக் கழற்றிவிட்டார். நெய்த புடவையைச் சுற்றுவோமே, அந்தப் படமரம், தறிக் கால்கள், உட்காருகிற பலகை எல்லாம் இப்போது கிணற்றடியில் குவிந்து கிடக்கின்றன. "தறியில உக்காராதவன் தறுதலை. தறுதலைக்கு எதுக்குத் தறி?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா எதுகை போட்டுப் பேசறப்பா" என்றேன். அதற்கு என் முதுகில் ஒரு மோனையும் விழுந்தது.

சாயப்பட்டறை வேலாயுதம் வந்து மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். சாயக் கொப்பரை அடுப்புக்கு வேண்டுமாம். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தறி போன இடத்தில், கால் விட்டு மிதிக்கிற குழி மட்டும் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறது. அதையும் மண் கொட்டி மூடி மேலே சிமென்ட் பூசப் போகிறாராம்.

"மூடாதீங்க. புள்ள வந்தா எங்க உக்காருவான்?" என்றாள் அம்மா.

"வந்தாப் பாத்துக்கலாம்."

"மூடிட்டா எப்படி வருவான்?"

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அப்பாவுக்குக் குழம்பில் உப்பு குறைந்தால் என்னிடம் சொல்கிறார், நான் அம்மாவிடம் சொல்கிறேன். நடுவில், தறியில் இழைக்கு இழை ஓடுகிற நாடா மாதிரி ஓடி ஓடி எனக்குக் கால் வலிக்கிறது.

மரத்தை என்ன செய்யலாம்? சீக்கிரம் எழுது. வேலாயுதம் வண்டி தேடிக்கினு இருக்கிறார்.

உன் தங்கை,
அம்சா

*

சூளை, சென்னை
15-3-1970

அம்சாவுக்கு,

விரல் பத்தும் இருக்கிறது. ஒரு நகம் மட்டும் கறுத்திருக்கிறது. அதற்கும் சுத்தியலுக்கும் சின்னத் தகராறு.

தறியை அப்பா ஒருவராகவா கழற்றினார்? படமரத்தைத் தூக்க எப்போதும் இரண்டு ஆள் வேண்டும். இடுப்பு வலி என்று ஏதாவது சொன்னாரா? சொல்லாவிட்டால் விடு. நான் கேட்டதாகச் சொல்லாதே.

இங்கே முனுசாமி மேஸ்திரியிடம் இருக்கிறேன். இடிக்கிற பங்களாக்களுக்குப் போய்க் கதவு, உத்தரம், ஜன்னல் சட்டம் எல்லாம் வாங்கி வருவார். அதிலிருந்து பீரோ, கட்டில், மேஜை செய்கிறோம். வந்த புதிதில் எனக்கு ஆணி பிடுங்குகிற வேலை மட்டும்தான். இப்போது இழைப்புளி பிடிக்க விடுகிறார். புது மரம் வெயிலுக்கும் மழைக்கும் முறுக்கிக்கொள்ளும். பழைய மரம் முறுக்கிக்கொள்ள வேண்டியதையெல்லாம் முறுக்கி முடித்துவிட்டது, இனிமேல் சொன்ன பேச்சுக் கேட்கும் என்பார் மேஸ்திரி. மனுஷர்களுக்கும் அப்படி இருந்தால் தேவலை.

மரத்தை எரிக்க விடாதே. படமரம் நல்ல தேக்கு. கால்கள் பூவரசு. நீயே அதில் ஒரு மேஜை செய். அடுத்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போகிறாய். நெல் மூட்டை மேல் வைத்து எழுதுகிற உன் எழுத்து கோழி நடந்த மாதிரி இருக்கிறது. என் உளியும் ரம்பமும் பரண் மேல் கோணிப்பையில் இருக்கின்றன. எப்படிச் செய்வது என்று கடிதத்திலேயே சொல்லித் தருகிறேன்.

குழியை மூடினால் மூடட்டும். நான் நெய்ய வரப் போவதில்லை.

மூடிவிட்டாரா என்று எழுது.

அர்ஜுனன்

*

பிள்ளையார்பாளையம்
29-3-1970

அன்புள்ள மேஜை மேதைக்கு,

மரம் பிழைத்தது! வேலாயுதம் வண்டியோடு வந்த அன்று, ஏரிக்கரையில் பொறுக்கி வந்த பாம்புச் சட்டை ஒன்றைப் படமரத்தின் மேல் அழகாகப் போர்த்தி வைத்தேன். குனிந்தவர் நிமிரவில்லை, அப்படியே பின்னாலேயே போனார். "சட்டை இங்க இருக்குது, ஆளு எங்கேன்னுதான் தெரியல மாமா" என்றேன். வண்டிக்காரன் மாட்டை அவிழ்க்கக்கூட இல்லை.

அன்றே நானும் கமலாட்சியும் எல்லாவற்றையும் அவள் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டோம். அப்பாவிடம் என்ன சொல்வது? பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வகுப்புக்கு மேஜை செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

"பொட்டப் புள்ளைங்களையா?"

"காலம் மாறிப்போச்சுப்பா."

"இன்னா மரம்?"

"கிணத்தடியில இருந்துச்சே, அது."

அவர் தறியை நிறுத்தவில்லை. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருந்தது. திட்டு வருமென்று முதுகைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் தலை நிமிராமல் சொன்னார்: "படமரத்துல கால் படாமப் பாத்துக்கோ."

அவ்வளவுதான். இதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். அதனால் படமரத்தைக் கீழே எங்கேயும் வைக்கச் சொல்லாதே. மேலேதான் வைப்பேன், எழுதுகிறவர் வயிற்றுக்கு நேராக.

அளவு அனுப்பு. உளி பிடித்துப் பழகுகிறேன். உளியும் வலியும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் இரண்டையும் ஒன்றாகவே பிடிக்கிறேன்.

குழி இன்னும் திறந்துதான் இருக்கிறது.

அம்சா

*

சூளை
10-4-1970

அம்சாவுக்கு,

பாம்புச் சட்டைக் கதையை மேஸ்திரியிடம் சொன்னேன். இடிக்கிற பங்களாக்களில் மரம் ஏலம் எடுக்க உன்னை அனுப்பச் சொல்கிறார், போட்டிக்கு ஒருவனும் நிற்கமாட்டானாம்.

கவனமாகப் படி. டேப்பைத் தேடாதே, உன் உடம்புதான் அளவு. நீ வேலை செய்ய எப்படி உட்காருவாயோ அப்படி நேராக உட்கார். தரையிலிருந்து உன் முழங்கை மடங்குகிற இடம் வரை ஒரு நூலால் அள. அதுதான் மேஜையின் உயரம். தறிக் கால்களை அந்த அளவுக்கு அறு. மேல் பலகைக்குத் தறிப் பலகை போதாது. கமலாட்சி வீட்டில் பழைய கதவு எதுவும் கிடைக்குமா என்று கேள்.

ஆணி அடிக்காதே. குறுக்குச் சட்டத்தின் முனையை நாக்கு மாதிரிச் செதுக்கி, காலில் துளை போட்டுச் செருகு. நாக்கு மறுபக்கம் வெளியே வரும். அதிலும் சின்னத் துளை போட்டு ஓர் ஆப்பு இறக்கு. தட்டினால் இறுகும், பிடுங்கினால் கழலும். நம் வீட்டுத் தறியும் அப்படித்தான் நின்றது. நீ கவனித்திருக்க மாட்டாய்.

அப்பா ஏதாவது கேட்டாரா? மேஜையைப் பற்றித்தான் கேட்கிறேன்.

அர்ஜுனன்

*

பிள்ளையார்பாளையம்
3-5-1970

அண்ணா,

இங்கு யாவரும் நலம், மேஜை தவிர.

நீ சொன்னபடியேதான் செய்தேன். ஆணி இல்லை. ஆப்பு இருக்கிறது. கதவு கிடைத்தது. இழைப்புளி மட்டும் தறி ஆசாரி யேசுதாஸிடம் இரவல். கட்டை விரலுக்கு மூன்று தடவை கட்டுப் போட்டுவிட்டேன். நேற்று எல்லாவற்றையும் பூட்டி நிமிர்த்தி நிறுத்தினேன். நிறுத்தியது தெரியவே இல்லை, படுத்திருப்பது மாதிரி இருந்தது. உயரம் முட்டிக்கு வரவில்லை.

கமலாட்சி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "இன்னாமே இது? மேஜையா, மேஜை போட்ட குட்டியா?" என்றாள். அவள் வீட்டுக் கன்றுக்குட்டி வந்து அதன் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. அதற்குச் சரியான உயரம்.

அளந்தது தப்பே இல்லை, அண்ணா! "வேலை செய்ய எப்படி உட்காருவாயோ அப்படி உட்கார்" என்று எழுதியிருந்தாய். அப்பா சாப்பிட எழுந்த நேரம் பார்த்து அவர் தறியில் உட்கார்ந்து, குழியில் கால் விட்டு, தரையிலிருந்து முழங்கை வரை ஒழுங்காக அளந்தேன். இந்த வீட்டில் வேலை என்றால் வேறு எப்படி உட்காருவார்கள்? நாற்காலி என்று ஒரு ஜந்துவை ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

கால்களை அறுத்தாகிவிட்டது. இனி வளராது.

இன்னொன்று. ஒரு வண்டி மண் வந்து வாசலில் குவிந்திருக்கிறது. கருட சேவை முடிந்த மறுநாள் குழியை மூட ஆள் சொல்லியிருக்கிறார் அப்பா. அம்மா மண்ணைச் சுற்றிக்கொண்டு போய்க் கோலம் போடுகிறாள். எனக்கே சிரிப்பு வரவில்லை, பார்த்துக்கொள்.

அம்சா

*

சூளை
9-5-1970

அம்சாவுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் சத்தமாகப் படித்தது என் தப்பு. மேஸ்திரி இழைத்துக்கொண்டிருந்த பலகை மேலேயே உட்கார்ந்து சிரித்தார். ஒருவன் இருமியே செத்திருப்பான்.

அதைவிடப் பெரிய தப்பு, உனக்கு அப்படி எழுதியது. நானும் அந்த வீட்டில்தான் பிறந்தேன், அந்தக் குழியில்தான் கால் விட்டேன். இங்கே சில மாசம் நாற்காலியில் உட்கார்ந்ததில், உட்காருவது என்றால் நம் வீட்டில் என்ன என்பதே மறந்துவிட்டது. இதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

காலுக்கு ஒட்டுப் போட்டு உயர்த்தாதே, நிற்காது. அப்படியே வைத்திரு. வேறு யோசிக்கலாம்.

மண் வந்துவிட்டதா. சரி.

இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. மெஸ் சாம்பார்தான் காரணம், வேறு ஒன்றுமில்லை. அம்மாவிடம் சொல்லாதே.

அர்ஜுனன்

*

பிள்ளையார்பாளையம்
23-5-1970

அண்ணா, அண்ணா, அண்ணா!

உட்கார்ந்துகொண்டு படி. நாற்காலியிலேயே உட்கார், பரவாயில்லை.

கருட சேவைக்கு ஊரே சின்ன காஞ்சிபுரம் போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் விடியும் முன்னே கிளம்பினார்கள், பேசாமல், ஆனால் சேர்ந்து. நான் வயிற்று வலி என்று சுருண்டுகொண்டேன். அவர்கள் தலை மறைந்ததும் கமலாட்சியைக் கூப்பிட்டு, கன்றுக்குட்டியிடமிருந்து மேஜையைப் பிடுங்கி வந்து, உன் குழிக்கு மேல் வைத்தோம். குழியில் கால் விட்டு உட்கார்ந்தேன். முழங்கை பலகையில் வந்து சரியாக உட்கார்ந்தது! ஒரு நூல் கூடுதல் இல்லை, குறைச்சல் இல்லை. நான் அளந்ததுதான் சரி. நீ எழுதினதும்தான் சரி. இடம்தான் தப்பாக இருந்திருக்கிறது.

அவர்கள் திரும்பி வரும்போது சரித்திரப் புத்தகத்தை விரித்து வைத்து, அசோகரை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அம்மா கையில் பிரசாதத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா இது?" என்றார் அப்பா.

"மேஜைப்பா."

"குழி மேல இன்னாத்துக்கு?"

"குழியில கால் வுட்டாத்தாம்பா இது மேஜை. இல்லாட்டி வெறும் மணை."

"வயித்து வலி?"

"பெருமாள் பாத்துக்கினாருப்பா."

"எழுந்திரு."

எழுந்தேன். அப்பா துண்டை உதறிப் போட்டுவிட்டு இறங்கி உட்கார்ந்தார். படமரம் தறியில் இருந்த மாதிரியே அவர் வயிற்றுக்கு நேராக வந்தது. உள்ளங்கையால் அதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார். நான் செதுக்கி வைத்த மேடு பள்ளத்தில் எல்லாம் கை ஏறி இறங்கியது. பிறகு தலையைத் தூக்கி, என்னிடம் இல்லை, அம்மாவிடம் சொன்னார்: "வாசல்ல இருக்கிற மண்ண நாளைக்குக் கிணத்தடியில கொட்டச் சொல்லு. அங்க ஒரே சேறா இருக்குது."

"சரிங்க" என்றாள் அம்மா. இரண்டரை மாசத்துக்குப் பிறகு ஒரு நேரடி ஒலிபரப்பு. நாடாவுக்கு ஓய்வு!

இதில் ஒரே நஷ்டம் எனக்குத்தான். சாயங்காலமானால் புடவைக் கரைக்குப் பூ வரைகிற கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டு அப்பா மேஜையில் உட்கார்ந்துவிடுகிறார். நான் மறுபடி நெல் மூட்டையில். கோழி நடந்தால் பொறுத்துக்கொள்.

அம்சா

*

சூளை
30-5-1970

அம்சாவுக்கு,

உன் கடிதத்தை இந்தத் தடவை சத்தமாகப் படிக்கவில்லை. நான்கு தடவை மனதுக்குள் படித்தேன். மெஸ் சாம்பார் நன்றாகத்தான் இருக்கிறது.

என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? நேராக எழுது, சுற்றி வளைக்காதே.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிடலாம் என்று பை கூடக் கட்டினேன். பிறகு அவிழ்த்துவிட்டேன். "என் வாசப்படி ஏறாதே" என்று சொன்னவர் அவர். அவர் கூப்பிடாமல் எப்படி வருவது? அவருக்கு இருக்கிற வீம்பில் பாதியாவது எனக்கு இருக்காதா? அவர் பிள்ளைதானே.

அர்ஜுனன்

*

பிள்ளையார்பாளையம்
14-6-1970

அருமை வீம்பு அண்ணாவுக்கு,

நேராகவே எழுதுகிறேன். உன் பெயரை அவர் சொல்லவே இல்லை. மேஜையில் உட்காருகிறார், வரைகிறார், எழுகிறார். உன் கடிதம் வந்த பிறகு நானும் காத்துக் காத்துப் பார்த்தேன். முறுக்கிக்கொள்ளாத மரத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இப்படி முறுக்கிக்கொண்டால் எப்படி?

எனவே ஒரு காரியம் செய்தேன். வலது பக்கப் பின் காலில் இருந்த ஆப்பைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிட்டேன். கத்தாதே. உனக்காகத்தான்.

மறுநாள் சாயங்காலம் அப்பா உட்கார்ந்ததும் மேஜை திருவிழாக் குடை மாதிரி ஆடியது. ஓர் ஆப்புக்கு இவ்வளவு ஆட்டமா என்று எனக்கே வியப்பு.

"மேஜை ஆடுது."

"ஐயோ, ஆடுதாப்பா? யேசுதாஸைக் கூப்புடட்டுமா?"

"அவரு தறி செய்றவரு. மேஜைக்கு அவரு எதுக்கு? செஞ்சவன வரச் சொல்லு."

"செஞ்சது நான்தாம்பா."

"நீ அறுத்த. செஞ்சவன் சூளையில இருக்கறான்."

எனக்கு வாய் அடைத்துப்போனது. தேதி குறித்து வைத்துக்கொள், அது நடப்பது அபூர்வம்.

"சூளைன்னு... உனக்கு எப்படிப்பா?"

"கமலாட்சி வூட்டுக்குக் கடுதாசி கொண்டுபோற சின்னப்பையன் நம்ம வாசல்ல தண்ணி குடிச்சிட்டுத்தான் போறான். பள்ளிக்கூடத்துல மேஜை செய்யச் சொன்னாங்களாம். போம்மா." தாளைச் சுருட்டினார். "லீவு கெடைக்கும்போது வந்து சரி பண்ணிட்டுப் போகச் சொல்லு. இப்படி ஆடினா நான் எப்படி வரையறது?"

கூப்பிட்டாகிவிட்டது. அவர் கணக்கில் இது கூப்பிட்டதுதான். இனியும் வீம்பு பிடித்தால் மிச்ச ஆப்பையும் பிடுங்கிவிடுவேன்.

அம்சா

*

சூளை
30-6-1970

அம்சாவுக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிக் கொடுத்த கோயில் இட்லியைப் பட்டறையே தின்றது. எனக்குக் கிடைத்தது அதைச் சுற்றியிருந்த மந்தாரை இலை.

வாசலில் நான் நின்றபோது அப்பா "வா" என்றார், உடனே "ஆடுது பாரு" என்றார். இரண்டுக்கும் நடுவில் மூச்சு விடவில்லை. நீ வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினதைப் பார்த்தேன். நானும் அவரும் ஒரே குழியில் இறங்கி மேஜைக்கு அடியில் தலையை நுழைத்தோம். மண்டையும் மண்டையும் இடித்துக்கொண்டன. அவர் சிரித்தார். நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். நான் ஆப்பு செதுக்கும்போது சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "பட்டணத்துல இதுக்கெல்லாம் கிராக்கி இருக்குதாப்பா?" என்று கேட்டார். இருக்குது என்றேன். "தீபாவளிக்கு வந்து ஆடுதான்னு பாத்துட்டுப் போ" என்றார்.

எல்லாம் சரி. ஆனால் உன் மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. வலது பின் கால் ஆப்பு ஒன்றைத்தான் பிடுங்கினதாக எழுதியிருந்தாய். போய்ப் பார்த்தால் இடது பின் காலிலும் ஆப்பு இல்லை. இரண்டும் இல்லாமல் அப்பா முழங்கையை ஊன்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேஜையோடு குழிக்குள் போயிருப்பார். விளையாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு.

அர்ஜுனன்

*

பிள்ளையார்பாளையம்
5-7-1970

அண்ணா,

வரதராஜப் பெருமாள் சத்தியமாக நான் பிடுங்கியது ஒன்றுதான்! என் கணக்கில் எத்தனையோ உண்டு, ஆனால் செய்யாததற்குத் திட்டு வாங்கிப் பழக்கமில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் துப்பறிய ஆரம்பித்தேன். கமலாட்சியா? அவள் அந்த வாரம் முழுக்கத் தாமலில் அத்தை வீட்டில் இருந்தாள். அம்மாவா? மேஜை ஆணியில் நிற்கிறது என்றுதான் அவள் இன்னும் நம்புகிறாள்.

இன்று காலை அப்பா நெசவாளர் சொசைட்டிக்குப் போயிருந்தார். ஊடை நூல் சுற்ற அவர் தறி ஓரத்துக் கூடையில் கைவிட்டுத் தார்க்குச்சி எடுத்தேன். கையில் வந்தது குச்சி இல்லை. ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் மெலிந்த பூவரச ஆப்பு. என் உளி வழுக்கின வடு அதில் அப்படியே இருக்கிறது.

எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். அப்பா வந்தார். கூடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா?"

"ஒண்ணுமில்லப்பா."

தறியில் இறங்கி உட்கார்ந்தார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நாடாவை நாலு தரம் ஓட்டிவிட்டு அந்த முதுகு சொன்னது:

"சிரிக்காம சுத்து. நூல் அறுந்துடும்."

அம்சா